பிள்ளைக்கு ஊற்றும் சூடு

இன்று காலை ஆய்வகத்தில் பிரிண்டரின் முனை சூடேறியதும் அந்த வாசம் வந்தது. ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசத்தில் பாதி இருக்கும். மற்றவர்களிடம் கேட்டால் ஒன்றும் வரவில்லையே என்பார்கள். உனக்கும் எனக்கும் மட்டும்தான் அது வரும். வந்தால் பிளாஸ்டிக் இழை சரியாக உருகுகிறது என்று அர்த்தம். நீ உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய்.

இன்றைக்கு அச்சடித்துக்கொண்டிருந்தது இந்த வருடம் சேர்ந்த ஒரு மாணவி. திரையை எட்டிப் பார்த்தேன். சுவருக்கு உள்ளே பெரும்பகுதியைக் காலியாக விட்டு, நடுவில் தேன்கூடு மாதிரிக் கோடுகள் மட்டும் போட்டிருந்தாள். "ஏம்மா இவ்வளவு காலி?" என்று கேட்டேன். "மெட்டீரியல் மிச்சம் மேடம்" என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளிடம் என்னவென்று சொல்வது? இந்த மிச்சம் பிடிக்கிற புத்தியால்தான் நீ செத்த பிறகும் மாதக்கணக்கில் தண்ணீரில் மிதந்தாய் என்றா?

அதனால் உனக்கே எழுதுகிறேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை. எங்கள் ஆவூரில் செத்தவர்களுக்குக் கல்லறை உண்டு. கல்லறைத் திருநாளன்று போய், புல்லைச் செதுக்கி, மெழுகுவத்தி ஏற்றி, சண்டை பாக்கி இருந்தால் அதையும் போட்டுவிட்டு வருவோம். என் அப்பாவிடம் நான் வருடாவருடம் போடுகிறேன். நீ எனக்கு அந்த வசதியைக்கூட வைக்கவில்லை.

நாம் செய்த வேலையை வெளியாளுக்குப் புரியவைப்பதில் நீதான் கெட்டிக்காரி. யார் ஆய்வகத்தைப் பார்க்க வந்தாலும் உன்னை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நின்றுகொள்வேன். "பிளாஸ்டிக்கத் தின்கிற ஒரு நொதி இருக்குங்க," என்று ஆரம்பிப்பாய். "வெளியில இருந்து தெளிச்சா மேலாக்க நக்கிட்டு விட்டுரும். அதனால பிளாஸ்டிக்குக்கு உள்ளயே குடி வச்சிடுறோம். ஆனா உருக்குற சூட்டுல அது கெட்டுப்போயிரும்ல? அதுக்காக ஒரு போர்வை போத்திவிடுறோம். போர்வைக்குள்ள தூங்கும். பொருளோட வேலை முடிஞ்சதும் சுடுதண்ணியில போட்டா முழிச்சுக்கும். தான் குடியிருக்கிற வீட்டத் தானே தின்னு தீத்துரும்." கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். நீ என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டுவாய்.

நொதி என்பது உயிர் இல்லை, ஒரு புரதம், அவ்வளவுதான் என்று நமக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பேச்சில் அதற்கு உயிர் கொடுத்துத்தான் வைத்திருந்தோம். தூங்குது என்போம், முழிச்சிருச்சு என்போம். நாற்பது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போட்ட துண்டு கரையாமல் அப்படியே கிடந்தால், "செத்துருச்சுடி" என்று கையை விரிப்பாய். ஒருமுறை வாசலில் வந்து நின்ற துறைத் தலைவர் அதைக் கேட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போனார். அவர் போகும்வரை சிரிப்பை அடக்க முடியாமல் நீ மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோல நடித்தாய்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, அறுத்து, மறுபடியும் வந்து, இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிய பிறகும் நீ ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தாய். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, திருவரங்குளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாய். ஒருநாள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாய். வாய் குறுகி, வயிறு பருத்து, மூடியோடு ஒரு கலயம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"என் சாம்பல் வைக்கிறதுக்கு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அந்தக் கலயம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "மண் கலயம் போதாதா ஒனக்கு?" என்று கேட்டேன். "மண் கலயத்துக்கு நான் என்னடி வேல செஞ்சிருக்கேன்?" என்றாய். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "எல்லாரும் கட்டைவெரல் அளவுத் துண்டத்தான் கரைச்சுக் காட்டுறாங்க. ஒரு முழுப் பொருளு கரையட்டும். நானும் மிச்சம் இல்லாமப் போறேன். ஒரு துணுக்குக்கூட இருக்கக் கூடாது. நீதான் பாத்துக்கணும்" என்றாய்.

அதை அச்சடித்து முடித்த அன்று நீ இருந்த சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். அந்த நொதியையும் போர்வையையும் தயாரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவள் நீ. அதனால் சாகப்போகும் நேரத்திலும் கஞ்சத்தனம் உன்னை விடவில்லை. சுவரைக் காலியாக விட்டு, மிஞ்சிய இழையைச் சுற்றிப் பத்திரமாக அலமாரியில் வைத்தாய். யாருக்காக வைத்தாயோ தெரியவில்லை. காற்று அடைபட்ட சுவர் தண்ணீரில் மிதக்கும் என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நம் சோதனைத் துண்டுகள் எல்லாம் மூழ்கித்தான் பழக்கம்.

நீ ஐப்பசி அடைமழையில் போனாய். காடாத்தன்று சாம்பலை அள்ளி உன் கலயத்தில் வைத்தார்கள். கடலுக்கோ காவிரிக்கோ போக வேண்டாம், எங்க வயல்ல இருக்கிற பண்ணைக்குட்டை போதும் என்று நீயே சொல்லி வைத்திருந்தாய். பெண்கள் வரும் வழக்கம் இல்லையென்று யாரோ முணுமுணுத்தார்கள். உன் அப்பா, "கலயத்துக்குப் பொறுப்பு அந்தப் புள்ளைதான். அது வரட்டும்" என்றார். குட்டை நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூடியைத் திறந்து மடியில் செருகிக்கொண்டு, கலயத்தை அமுக்கிப் பிடித்தார். சாம்பல் வெளியேறித் தண்ணீர் சற்று நேரம் வெளுத்துத் தெரிந்தது. கலயத்தை அடிச்சேற்றில் பதித்துவிட்டுக் கரையேறி வந்து, "திரும்பிப் பாக்காம நட ஆத்தா" என்றார்.

உங்கள் வழக்கம் அது. எனக்கோ திரும்பிப் பார்ப்பதுதான் பிழைப்பு. தொட்டியில் ஒன்றைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதே கிடையாது. பின்னால் பொளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். கலயம் மேலே வந்து, வாயை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, மெல்ல ஆடியபடி நின்றது.

"அப்பா, மெதக்குது" என்றேன். அவரும் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ அறிய மாட்டாய். நம் நொதி முழிக்க வெந்நீர் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குட்டைத் தண்ணீர் கையை வைத்தால் விறைக்கிறது. அது எப்படி முழிக்கும்? கலயம் ஒரு பொட்டுக்கூடக் கரையாமல் கரைக்குக் கரை அலைந்தது. உன் அப்பா விடிந்ததும் முதல் வேலையாகப் போய் அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு எனக்குப் போன் போடுவார். "ஆத்தா, பாப்பா இன்னைக்கு இங்கிட்டு மேக்க ஒதுங்கி நிக்குது." இன்னொரு நாள், "கோரைக்குள்ள போயி மாட்டிக்கிச்சு. நான் எறங்கி எடுத்து விட்டேன்." மோட்டார் போட்டால் உறிஞ்சுகுழாயில் போய் நீ ஒட்டிக்கொள்வாய் என்று மோட்டார் போடுவதையே நிறுத்திவிட்டார். மழை நின்ற பிறகு, காய்ப்பில் இருந்த கத்தரி முழுவதும் குட்டையில் தண்ணீர் இருந்தும் வாடியது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல்யாணம் ஆகாத பெண், ஆசை அடங்காமல் அலைகிறது என்று பேச்சுக் கிளம்பியது. ராமேசுவரம் கொண்டுபோ என்றார்கள். உன் அம்மா மட்டும் குட்டைப் பக்கமே போகவில்லை. நான் போனால் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "அதுக்கு நீச்சல் தெரியாதே. எப்புடி மெதக்குது?" சுவருக்குள் காற்று இருக்கிறது என்று சொல்வேன். அடுத்த முறையும் அதையே கேட்பார்.

நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புதுக்கோட்டையில் பஸ் மாறி உன் வயலுக்கு வந்துவிடுவேன். வாடைக்காற்று உன்னைத் தெற்கே தள்ளும், அதனால் வடக்குக் கரையில் நின்று தூரத்திலிருந்து பார்ப்பேன். ஒருநாள் நீ காற்றுக்கு எதிரே வந்தாய். அவசரமே இல்லாமல், குட்டையின் நடுவைத் தாண்டி, நான் நின்ற இடத்துக்கு நேராக வந்து என் செருப்பில் முட்டி நின்றாய். கெண்டை மீன் முட்டித் தள்ளியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். அச்சடித்த வரிகளின் பள்ளங்களில் சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. வேகவேகமாக நடந்து ரோட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தை பிறந்து, உன் அப்பா ஒருநாள் கேட்டார். "ஆத்தா, நீங்க உள்ள வச்ச மருந்து எப்பத்தான் வேல செய்யும்?" சித்திரை வெயிலில் குட்டை வற்றித் தண்ணீர் சுட ஆரம்பித்தால் செய்யும் என்றேன். "அது வரைக்கும் எம்புள்ள இப்புடியே கெடந்து அலையணுமா?" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கலயத்தை எடுத்துவந்து நம் வெந்நீர்த் தொட்டியில் போட்டுக் கரைத்துவிடலாம் என்று முடிவு செய்து, மறுநாளே ஒரு துணிப்பையோடு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அப்பா குட்டையிலிருந்து கலயத்தை எடுத்து வந்து வாசலில் வைத்தார். உன் அம்மா அதை அன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தார். அழவில்லை. முந்தானையால் பாசியைத் துடைத்தார்.

"எங்க கொண்டுபோற?"

"ஆய்வகத்துக்கும்மா. சூடா ஒரு தொட்டி இருக்கு. அதுல போட்டாக் கரைஞ்சிரும்."

"சுடுதண்ணிதானே? ஏன், இந்த வீட்ல அடுப்பு இல்லியா?" என்றபடி கொல்லைப் பக்கம் போய் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அடுப்புச் சூட்டின்மேல் நம்பிக்கை இல்லை. தூங்கும்போது பிரிண்டரின் வறண்ட சூட்டைத் தாங்குகிற நொதி, முழித்த பிறகு தண்ணீரின் சூடு கூடினால் தாங்காது. அதைத்தான் சொல்ல வந்தேன். அவசரத்தில் நம் ஆய்வகப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

"கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்கம்மா. உள்ள இருக்கிறது செத்துப்போயிரும்."

அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. உன் அம்மா மெதுவாக எழுந்து என் அருகில் வந்தார்.

"அப்ப உள்ள உசுரோட இருக்கா?"

அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். இல்லை, நல்லவேளையாக நீ பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கலயத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே உன் பழைய தாவணி ஒன்றைப் போர்த்தினார். "உசுரு இருக்குன்னு தெரிஞ்சும் கரைக்கச் சொல்றியே, நீ அவளுக்குக் கூட்டாளியா?" என்று கேட்டார். உன் அப்பா தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். புரதம் என்றேன், நொதி என்றேன், தயிர் உறை என்றேன். தயிர் உறை என்றதும், "அதுலயும் உசுரு இருக்குல்ல?" என்றார். பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு உன்மேல் ஆத்திரம். கரைய வேண்டும் என்று கேட்டது நீ. பார்த்துக்கொள் என்று என்னிடம் ஒப்படைத்தது நீ. பிள்ளை உள்ளே உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு தாய் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடமிருந்து பிடுங்கி உன்னைக் கரைக்க வேண்டுமென்றால் அதை நீயே வந்து செய்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனபோது உன் அம்மா மெலிந்துபோயிருந்தார். தாவணி போர்த்திய கலயத்துக்கு முன்னால் ஒரு தட்டில் இட்லி இருந்தது. என்னைப் பார்த்ததும், "கூப்பிட்டா ஏன் பேச மாட்டேங்குது?" என்று கேட்டார்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இந்தமுறை புரதம் எதையும் இழுக்கவில்லை. "அம்மா, உள்ள இருக்கிறது அவ இல்ல. அவ செஞ்சு வச்ச வேல. சுடுதண்ணி பட்டாத்தான் அந்த வேல நடக்கும். நடந்து முடியணும்னுதான் அவளே இதச் செஞ்சா" என்றேன்.

உன் அம்மா இட்லித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "எதையும் பாதியில விட்டுட்டு எந்திரிக்க மாட்டா. சோத்தக்கூட" என்றார். எழுந்து கொல்லைக்குப் போனார். தைலமரச் சருகு எரிகிற வாடை வந்தது.

நாற்பது டிகிரி என்று சொன்னேன். "அப்புடின்னா?" என்றார். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. யோசித்து, "பச்சப்புள்ளைக்கு ஊத்துவீங்கள்ல, அந்தச் சூடு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். மனைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கையை அண்டாவுக்குள் விட்டுப் பார்த்தார். நான் கொண்டுபோன தெர்மாமீட்டரில் சூடு ரொம்பவே கூடியிருந்தது. "இன்னும் ஆறணும்மா" என்றேன். பச்சைத் தண்ணீர் விளாவிக்கொண்டே கேட்டார், "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "இது போதும்மா." மூடியை முதலில் உள்ளே விட்டு, கலயத்தை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். அது மிதந்தது. மேலே வரவிடாமல் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு கல்லூரி விட்டதும் நான் அங்கேதான். பகலில் உன் அப்பா அடுப்பைப் பார்த்துக்கொள்வார், ஆறஆறச் செம்பில் வெந்நீர் மொண்டு ஊற்றுவது உன் அம்மா. கலயத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு, வரிகளில் இருந்த சாம்பலை விரலால் வழித்துவிடுவார். "எண்ண வச்சுக் குளிடின்னா ஊரெல்லாம் ஓடுவா. இப்ப எப்புடி வாகாக் கெடக்குறா பாரு" என்பார். உன் நொதி முழித்துக்கொண்டது. வழுவழுவென்று இருந்த கலயம் முதலில் பால்போல வெளுத்தது. பிறகு சொரசொரத்தது. தண்ணீர் புளித்த வாடை அடித்தது. ஒருநாள் விளிம்பு அப்படியே உன் அம்மா கையோடு வந்துவிட்டது. அவர் "ஐயோ" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு ஓடிவந்தார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நீ செத்த அன்றுகூட அவர் அப்படிச் சத்தம் போடவில்லை.

அதன் பிறகு கலயம் சீக்கிரம் கரைந்தது. சுவர் உடைந்து உன் தேன்கூடு வெளியே வந்தது, அதுவும் நொறுங்கி, துணுக்குகளாகி, மாவாகிப் போனது. மாசியில் உன் அப்பா மோட்டார் போட்டார். கத்தரியில் பாதி பிழைத்தது.

முடிந்தது என்று நினைத்தேன். உன் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "ஆத்தா, அவ இன்னும் சுடுதண்ணி வச்சிக்கிட்டுத்தான் இருக்கா. தெனமும் அண்டாவுக்குள்ள கையவிட்டுத் தொழாவிக்கிட்டே உக்காந்திருக்கா. நான் சொன்னாக் கேக்கல. ஒரு வார்த்த நீ வந்து முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போ. நீ சொன்னாத்தான் கேப்பா."

போனேன். உன் அம்மா மனைக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அண்டாவுக்குள் கையை விட்டேன். அடிவரை போய், ஓரமெல்லாம் தடவி, மறுபடி நடுவில் வந்து தேடினேன். வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும்தான் இருந்தது. உன் அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா?"

வாசற்படியிலிருந்து உன் அப்பாவும் எட்டிப் பார்த்தார். ஒரு துணுக்குக்கூட இருக்கக் கூடாது என்று நீ சொன்னது என் காதில் நன்றாகக் கேட்டது.

"கொஞ்சம் இருக்கும்மா" என்றேன்.

உன் அம்மாவின் முகம் தெளிந்தது. "ஆமா," என்றார், "எனக்கும் தட்டுப்பட்டுச்சு."

உன் சோதனை ஜெயித்துவிட்டதடி. நீ முழுசாகக் கரைந்துவிட்டாய், மிச்சம் எதுவும் இல்லை. உன் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் இப்போது அவரும் சருகு பொறுக்கி வந்து அடுப்படியில் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். மூன்று பேரும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறோம், எழும்பும் முன் நானும் ஒருமுறை கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு விரலில் ஏதோ தட்டியது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.